ஆறாம் நாள் திரும்பிய சோர்வு: குளூட்டமேட் ஏற்பிகளும் மனநிலைக் கோளாறும் – ஒரு நிகழ்வு ஆய்வு

"ஒரே பக்கத்தை நான்கு முறை படிக்கிறேன், டாக்டர். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. வாக்கியம் உள்ளே இறங்கவில்லை."

வந்தவருக்கு 44 வயது. அச்சுக்குப் போகும் நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது அவருடைய இருபதாண்டுத் தொழில். அவர் அழவில்லை, மனம் கனக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கேள்வி கேட்டால் பதில் வர ஏழெட்டு நொடி ஆனது. உடன் வந்த அக்கா ஒவ்வொரு முறையும் தானே பதில் சொல்ல வாயெடுத்து, பிறகு அடக்கிக்கொண்டார்.

பல நோயாளிகளிடம் காணப்படுபவற்றை ஒருவர்மேல் ஏற்றி இந்த வரலாற்றை எழுதியிருக்கிறேன். எந்தத் தனி ஒருவரின் அடையாளமும் இதில் இல்லை.

வரலாறு

பதினான்கு மாதமாக நீடித்த மனச்சோர்வு. அதிகாலை 3 மணிக்கு விழிப்பு. அதன்பின் விடியும்வரை கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். எடை 64 கிலோவிலிருந்து 58 கிலோவுக்கு இறங்கியிருந்தது. "காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை" என்ற எண்ணம் தினமும் வந்தது. தற்கொலைத் திட்டமோ முயற்சியோ இல்லை. 27 வயதிலும் 36 வயதிலும் இதேபோல் மனச்சோர்வு வந்து சில மாதங்களில் விலகியிருந்தது. தைராய்டு, இரும்புச்சத்து, பி12 எல்லாம் சரியாக இருந்தன. வலிப்பு, குழப்பம், விநோதமான கைகால் அசைவு எதுவும் இல்லை. இதை ஏன் தனியாகக் கேட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். மனச்சோர்வை அளக்கும் மோன்ட்கோமரி–ஆஸ்பர்க் அளவுகோலில் 60க்கு 36 மதிப்பெண், கடுமையான நிலை.

அதுவரை சாப்பிட்ட மருந்துகள்: எஸ்சிட்டலோப்ராம் 20 மி.கி. பத்து வாரம், வென்லாஃபாக்சின் 225 மி.கி. பன்னிரண்டு வாரம், அதனுடன் அரிப்பிப்ரசோல் 5 மி.கி. ஆறு வாரம். எதையும் அரைகுறையாக விடவில்லை. மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். உளவியல் சிகிச்சைக்கும் ஒன்பது முறை சென்றிருக்கிறார். வீட்டில் எழுதிவரச் சொன்னதை எழுத முடியாததால், கூச்சப்பட்டுப் போவதை நிறுத்திவிட்டார்.

மின்னதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தேன். இந்த நிலையில் அதற்கு இருக்கும் வலுவை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை. ஆனால் தற்காலிக மறதி வரலாம் என்றதும் அவர் தலையை அசைத்துவிட்டார். "முந்தைய பக்கத்தில் ஒரு பெயரை எப்படி எழுதியிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்திருப்பதுதான் என் வேலை." அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆனது. அதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு அபூர்வமானதன்று. அமெரிக்காவில் நடந்து 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் முழுதாகக் குணமானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மூன்றாவது, நான்காவது மருந்துக்கு வரும்போது அது ஏழெட்டுப் பேரில் ஒருவராகச் சுருங்கிவிட்டது. அந்த மருந்துகளில் பெரும்பாலானவை செரட்டோனின், நார்அட்ரினலின், டோப்பமின் என்ற ஒரே வட்டத்துக்குள் சுற்றுபவை. மூன்று முறை தட்டியும் திறக்காத கதவை நான்காம் முறையும் தட்டுவதா, வேறு கதவைத் தேடுவதா என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

வேறு கதவு

மூளையில் ஒரு நியூரான் இன்னொன்றைத் தூண்டும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது குளூட்டமேட். செரட்டோனினைச் சுரக்கும் நியூரான்கள் மூளைத்தண்டில் சிறு கூட்டமாக இருந்துகொண்டு எங்கும் கிளை பரப்புகின்றன. குளூட்டமேட் அப்படியன்று, மூளையின் மேலுறையான புறணியின் அன்றாடப் பேச்சே அதுதான். அதைக் கேட்கும் காதுகளாக மூன்று வகை அயனி ஏற்பிகள் உள்ளன: ஆம்பா, என்எம்டிஏ, கைனேட். இவை தவிர, மெதுவாகச் செயல்படும் எட்டு வளர்சிதை ஏற்பிகளும் உண்டு.

ஆம்பா ஏற்பி எளிமையானது: குளூட்டமேட் வந்து ஒட்டியதும் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், நியூரான் தூண்டப்படும். என்எம்டிஏ ஏற்பி அவ்வளவு எளிதில் இணங்காது. குளூட்டமேட் ஒட்டினால் மட்டும் போதாது. கிளைசினோ டி-செரினோ கூடவே ஒட்ட வேண்டும். அப்போதும் அதன் துளைக்குள் ஒரு மெக்னீசியம் அயனி தக்கைபோல உட்கார்ந்திருக்கும். நியூரான் ஏற்கனவே தூண்டப்பட்டிருந்தால்தான் அந்தத் தக்கை விலகி, கால்சியம் உள்ளே வரும். இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் வந்தனவா என்பதை இந்த ஏற்பி சரிபார்க்கிறது என்று சொல்லலாம். உள்ளே வந்த கால்சியம்தான் இணைப்பை வலுப்படுத்தவோ தளர்த்தவோ கட்டளையிடுகிறது. கற்றல், நினைவு, பழக்கம் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் போகின்றன.

வேலை முடிந்த குளூட்டமேட்டை அப்புறப்படுத்துவது ஆஸ்ட்ரோசைட் என்னும் துணையணுக்களின் பொறுப்பு. அவை அதை உறிஞ்சி, குளூட்டமினாக மாற்றி, நியூரானுக்கே திருப்பித் தருகின்றன. மனச்சோர்வுடன் இறந்தவர்களின் மூளைத் திசுவில், நெற்றிப்பகுதியில் இந்தத் துணையணுக்கள் அடர்த்தி குறைந்திருப்பதும், உறிஞ்சும் புரதங்களுக்கான மரபணுச் செயல்பாடு தாழ்ந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளன. நீண்ட மன அழுத்தத்துக்கு ஆளான எலிகளில், நெற்றிமுன் புறணியின் நியூரான் கிளைகள் குட்டையாகி, அவற்றின் மேலுள்ள முட்கள் உதிர்கின்றன. ஒவ்வொரு முள்ளும் ஓர் இணைப்பு.

"அப்படியானால் மனச்சோர்வில் குளூட்டமேட் அதிகமா, குறைவா?" என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்பார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காந்த அதிர்வு நிறமாலை ஆய்வுகள், சோர்வு மட்டுமே வரும் ஒற்றை மனச்சோர்வில் மூளையின் முன் சிங்குலேட் பகுதியில் குறைவையும், சோர்வும் எழுச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறில் நெற்றிப்பகுதியில் மிகுதியையும் பெரும்பாலும் காட்டுகின்றன. அளவு என்பது இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. இங்கே பழுதாகியிருப்பது இணைப்புகள் தம்மைத் திருத்திக்கொள்ளும் திறன்.

நாங்கள் தேடிய வேறு கதவு கெட்டமின் என்ற மருந்து. அது முதன்முதலில் உருவாக்கப்பட்டது 1962இல். மயக்க மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1970இல். அது என்எம்டிஏ ஏற்பியின் துளைக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகக் குழுவினர் ஏழு நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள்: மயக்கத்துக்கு வேண்டியதைவிட மிகக் குறைந்த அளவை, கிலோவுக்கு அரை மி.கி. வீதம், 40 நிமிடத்தில் நரம்பில் செலுத்தினால் மூன்றே நாளில் மனச்சோர்வு தணிகிறது. 2006இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வில், பல மருந்துகளுக்கு அடங்காத நோயாளிகளில் 71 சதவீதத்தினர் ஒரே நாளில் தேறினார்கள். அந்தத் தேற்றம் ஒரு வாரம் நீடித்தது 35 சதவீதத்தினருக்கு. முதல் எண்ணைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். என் நோயாளிக்கு இரண்டாவது எண்தான் முக்கியமாக இருந்தது.

முதல் செலுத்தல்

ஒப்புதல் படிவத்தை விளக்கினேன். ரத்த அழுத்தம் ஏறும், சிறிது நேரம் உடல் தனதல்லாததுபோல் தோன்றும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. தூக்கத்துக்காக அவர் சாப்பிட்டுவந்த குளோனசெப்பாமை முன்கூட்டியே மெல்லக் குறைத்து நிறுத்தியிருந்தோம். அவ்வகை மருந்துகள் கெட்டமினின் பலனைக் குறைப்பதாகப் பல பதிவுகள் உண்டு. அவர் படிவத்தை வாசிக்காமலே கையெழுத்திட்டார். இருபது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவர்.

58 கிலோவுக்கு 29 மி.கி. தொடங்கும்போது ரத்த அழுத்தம் 122/78. 35ஆம் நிமிடம் 148/92. இருபதாம் நிமிடம் அவர், "சுவர் தள்ளிப் போகிறது" என்றார், பயமில்லாமல். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. கெட்டமினின் பாதி, மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, கோப்பில் இருந்த ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்திருந்தார். "டாக்டர், இரண்டாம் பத்தியில் 'பக்க விளைவுகள்' என்பதற்கு 'பக்க விளைவிகள்' என்று போட்டிருக்கிறீர்கள். மூன்று இடத்தில்." கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அந்த ஏழெட்டு நொடி இல்லை. ஜன்னலோரம் நின்றிருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மதிப்பெண் 14.

ஏற்பியை அடைத்தால் ஏன் இப்படி நடக்கிறது? மருந்து உடலைவிட்டுப் போன பிறகும் பலன் நிற்கிறது என்பதுதான் புதிரின் முடிச்சு. பலரும் ஏற்கும் விளக்கம் இது: கெட்டமின் முதலில் பிடிப்பது, மற்ற நியூரான்களை அடக்கிவைக்கும் காபா இடைநியூரான்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளை. காவலர் கண்ணயர்ந்ததும் குளூட்டமேட் ஒரு அலையாக வெளிப்படுகிறது. அது ஆம்பா ஏற்பிகளில் மோதுகிறது. அதன் தொடர்ச்சியாக பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் வெளியாகிறது, நியூரானுக்குள் புரத உற்பத்தியைத் தூண்டும் எம்டார் என்ற வழி முடுக்கப்படுகிறது, சினாப்ஸ் எனப்படும் இணைப்புகளுக்கான புரதங்கள் உருவாகின்றன. 2010இல் எலிகளின் நெற்றிமுன் புறணியில் இதைக் காட்டினார்கள். ஆம்பா ஏற்பியைத் தடுத்துவிட்டால் விலங்குகளில் கெட்டமினின் பலன் மறைகிறது. அதாவது, ஒரு குளூட்டமேட் ஏற்பியை மூடுவதன் பயன் இன்னொரு குளூட்டமேட் ஏற்பியைத் திறப்பதில் இருக்கிறது.

இதோடு கதை முடியவில்லை. ஏமாற்றத்துக்கும் வெகுமதி இழப்புக்கும் குரல் கொடுக்கும் பக்க ஹபெனுலா என்ற மூளைப் பகுதியில், என்எம்டிஏ ஏற்பிகளால் உந்தப்படும் வெடிப்புத் துடிப்புகளைக் கெட்டமின் அடக்குகிறது என்று 2018இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். கெட்டமின் உடைந்து உருவாகும் ஹைட்ராக்சிநார்கெட்டமின், என்எம்டிஏ ஏற்பியைத் தொடாமலே எலிகளில் பலன் தருவதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. ஓபியாய்டு ஏற்பிகளைத் தடுக்கும் நால்ட்ரெக்சோனை முன்கூட்டிக் கொடுத்தால் மனிதர்களில் பலன் குன்றியது என்று 2018இல் ஒரு சிறிய ஆய்வு. எம்டாரை அடக்கும் ராப்பமைசின் பலனை அழிக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தபோது, மனிதர்களில் அது பலனை நீட்டித்தது. என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மெமான்டின் என்ற மருந்தோ மனச்சோர்வில் உதவவில்லை. 'என்எம்டிஏ அடைப்பான் என்றால் மனச்சோர்வு மருந்து' என்று சமன்பாடு போட்டவர்களுக்கு இவை எல்லாம் எச்சரிக்கைகள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கெட்டமின் ஏறும்போது சுவர் தள்ளிப் போகிறது. அதனால் தனக்குக் கிடைத்தது மருந்தா, உப்புநீரா என்று நோயாளிக்கே தெரிந்துவிடுகிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்காக மயக்கத்தில் இருந்த 40 பேருக்கு கெட்டமினோ போலி மருந்தோ செலுத்தினார்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். என் நோயாளி கண்ட முன்னேற்றத்தில் எதிர்பார்ப்புக்கும் கவனிப்புக்கும் பங்கு இருந்திருக்கும். அதற்காக அந்த முன்னேற்றம் பொய்யாகிவிடாது.

ஆறாம் நாள்

ஐந்தாம் நாள்வரை வீட்டிலிருந்து நல்ல செய்தியே வந்தது. ஆறாம் நாள் காலை 3 மணிக்கு மீண்டும் விழிப்பு. ஏழாம் நாள் வந்தபோது மதிப்பெண் 31. "முன்பு இருட்டு பழகிவிட்டது, டாக்டர். விளக்கைக் காட்டிவிட்டு அணைத்துவிட்டீர்கள்." இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. ஒரே ஒரு செலுத்தலோடு நிறுத்தி, அடுத்து என்ன என்பதை முன்கூட்டியே திட்டமிடாதது என் தவறு. விரைவில் தேறி விரைவில் சரிபவரிடம் ஏமாற்றமே ஓர் ஆபத்து. தற்கொலை எண்ணத்தைப் பற்றி அன்று இருமுறை கேட்டேன்.

இந்தச் சரிவுக்கு 2019இல் வெளியான ஓர் எலி ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. கெட்டமின் கொடுத்த மூன்று மணி நேரத்தில் எலியின் நடத்தை தேறியது; உதிர்ந்த முட்கள் மீண்டும் முளைத்தது அதற்குப் பிறகுதான். புதிதாக முளைத்தவற்றை ஆய்வாளர்கள் தேர்ந்து அழித்தபோது, முதல் தேற்றம் கலையவில்லை. அது நீடிப்பதுதான் கெட்டுப்போனது. முதல் நாள் நிம்மதியும் அடுத்த வார நிம்மதியும் வேறு வேறு உயிரியல் என்றே இதை நான் படிக்கிறேன். முளைத்த முள் தங்குமா உதிருமா என்பது, அந்த இணைப்பு பிறகு பயன்படுகிறதா என்பதையும் பொறுத்தது. முதல் ஐந்து நாள் அவரை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தேன். இன்றானால் சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரத்தில் ஆறு செலுத்தல் என்ற தொடரை ஆரம்பித்தோம். இம்முறை ஒவ்வொரு செலுத்தலுக்கும் மறுநாள் உளவியல் சிகிச்சை, தினமும் இரண்டு பக்கமாவது திருத்தும் வேலை, காலை நடை. மூன்றாவது செலுத்தலுக்குப் பின் மதிப்பெண் 12.

ஐந்தாவதற்குப் பின் அக்காவிடமிருந்து அழைப்பு. "நன்றாக இருக்கிறாள். ஆனால் இரண்டு நாளாக நான்கு மணி நேரம்தான் தூங்குகிறாள். களைப்பே இல்லை." நேரில் பார்த்தேன். பேச்சு வேகமாக இருந்தது. நான் முடிக்குமுன் பதில் வந்தது. ஆறாவது செலுத்தலை நிறுத்தினேன். கெட்டமினால் மனநிலை இப்படி மேலேறுவது அடிக்கடி நடப்பதன்று. மனநிலையை மேலேற்றக்கூடிய வென்லாஃபாக்சினும் உடலில் இருந்தது. அதனால் அக்காவைத் தனியாக உட்காரவைத்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்: "இதற்கு முன் இப்படி இருந்திருக்கிறாரா?"

இரண்டு முறை இருந்திருக்கிறார். 31 வயதிலும் 38 வயதிலும், எந்த மருந்தும் சாப்பிடாத காலத்தில். 38 வயதில் ஓர் அகராதியின் 900 பக்கங்களை ஒன்பது நாளில் திருத்தி முடித்திருக்கிறார், இரவுக்கு மூன்று மணி நேரத் தூக்கத்தோடு. அந்த வாரமே தேவையில்லாமல் இரண்டு கணினிகள் வாங்கியிருக்கிறார். "நாங்கள் எல்லாரும் பாராட்டினோம்" என்றார் அக்கா. நோயாளியிடம் நான் முன்பு கேட்டிருந்தது, "அளவுக்கு மீறிய மகிழ்ச்சி இருந்ததா?" என்று. இல்லை என்றார். அவருக்கு அது மகிழ்ச்சியாகத் தெரியவில்லை. தான் உண்மையில் வேலை செய்த நாட்களாகத்தான் தெரிந்தது. நான்கு நாளுக்குமேல் நீடித்து, பிறர் கண்ணுக்கும் தெரிந்த ஹைப்போமேனியா, அதாவது மிதமான மனநிலை ஏற்றம், இரண்டு. இது இருமுனைக் கோளாறின் இரண்டாம் வகை. மூன்று மருந்து தோற்றதற்கும் ஓரளவு விடை கிடைத்தது.

லமோட்ரிஜின்

வென்லாஃபாக்சினை நான்கு வாரத்தில் படிப்படியாக நிறுத்தினோம், அரிப்பிப்ரசோலையும் நிறுத்தினோம். இரவில் குவெட்டியாப்பின் 50 மி.கி.யில் தொடங்கி 300 வரை ஏற்றியதில் ஒரு வாரத்துக்குள் தூக்கம் திரும்பியது. கூடவே லமோட்ரிஜின். இதுவும் குளூட்டமேட்டைத் தொடும் மருந்துதான், ஆனால் மறுகரையிலிருந்து. ஏற்பியை இது அடைப்பதில்லை. குளூட்டமேட்டை வெளியிடும் நியூரானின் சோடியம் வாயில்களைத் தணித்து, மிகையான வெளியீட்டைக் குறைக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், லமோட்ரிஜினை முன்கூட்டிக் கொடுத்தபோது கெட்டமின் உண்டாக்கும் புலன் மயக்கங்கள் குறைந்தன. கெட்டமின் ஏற்பியை அடைப்பதோடு குளூட்டமேட் அலையையும் எழுப்புகிறது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

எழுந்திருக்கும் மனச்சோர்வை லமோட்ரிஜின் உடனே அடக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை; அதன் பலம், அடுத்த சோர்வு வராமல் தடுப்பதில். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்: முதல் இரண்டு வாரம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50, ஐந்தாம் வாரம் 100, ஆறாம் வாரம் 200. அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான ஸ்டீவன்ஸ்–ஜான்சன் தோல் நோய் வரலாம். மனநிலையை நிலைப்படுத்தும் வால்ப்ரோயேட் என்ற மருந்தும் சேர்ந்திருந்தால் இந்த அளவுகளில் பாதிதான். தடிப்பு எதுவானாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வர வேண்டும் என்று அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன். இம்முறை நோயாளி அதை வாசித்த பிறகே வாங்கிக்கொண்டார்.

முதலில் தள்ளிவைத்த கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறேன். வலிப்பையும் குழப்பத்தையும் விநோத அசைவையும் கேட்டதற்குக் காரணம், 2007இல் அடையாளம் காணப்பட்ட என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி. உடலின் சொந்த எதிர்ப்புப் புரதங்களே அந்த ஏற்பியைப் பற்றி, நியூரானின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுகின்றன. இளம் பெண்களுக்கு அதிகம் வரும். சிலருக்குச் சூலகத்தில் ஒரு கட்டி இருக்கும். மனநிலை ஏற்றத்தோடும் பிரமைகளோடும் தொடங்குவதால் பலர் முதலில் வருவது மனநல மருத்துவரிடம்தான். ஒரே ஏற்பியைச் சிறிது நேரம் அடைத்தால் மனச்சோர்வு தணிகிறது. வாரக்கணக்கில் அகற்றினால் மனமே சிதறுகிறது. என் நோயாளி ஐந்தாவது செலுத்தலுக்குப் பின் மேலேறியபோது இந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பி, நரம்பியல் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் இருமுனைக் கோளாறு என்று எழுதினேன்.

கெட்டமினைத் திரும்பத் தொடங்கவில்லை. லித்தியம் அல்லது வால்ப்ரோயேட்டின் பாதுகாப்போடு இருமுனை மனச்சோர்விலும் அது விரைவாக உதவுவதாக 2010இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. தேவைப்பட்டால் அந்த வழி இருக்கிறது. ஆனால் அடிக்கடி, நீண்ட காலம் எடுத்தால் சிறுநீர்ப்பை பழுதாகலாம், பழக்கமாகவும் ஆகலாம். கண்காணிப்பில்லாத இடங்களில் இதைக் கொடுப்பதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். முதலிலேயே வரலாற்றைச் சரியாகக் கேட்டிருந்தால் இவருக்கு கெட்டமின் தேவைப்பட்டிருக்காமலும் போயிருக்கலாம். அதே சமயம், கெட்டமின் அவரை மேலே ஏற்றாதிருந்தால் அந்தக் கேள்வியை நான் எப்போது கேட்டிருப்பேன் என்றும் யோசிக்கிறேன்.

பத்தாம் வாரம் மதிப்பெண் 10. ஏழாம் மாதம் 8. மணிக்குப் பத்துப் பக்கம் திருத்துகிறார். நோய்க்கு முன் பதினைந்து. குவெட்டியாப்பினால் காலையில் தலை கனப்பதாகச் சொன்னதால் அதை 150 மி.கி.க்குக் குறைத்தோம். அக்கா ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். நாளுக்கு இரண்டு எண்கள் மட்டும்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார். சென்ற மாதம் அடுத்தடுத்து இரண்டு இரவுகள் நான்கரை மணி நேரமாக இருந்தன. அக்கா அன்றே போன் செய்தார். குவெட்டியாப்பினை 200 ஆக்கினோம். மூன்றாம் இரவுக்கு எதிரே ஏழு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது.